பன்னிரண்டாவது வரி

"படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுய்யா!" என்று எங்கள் படைப்பிரிவில் அத்தனை பேரையும் விரட்டிய மனிதன் அவன். சமையல்காரர் முதல் மேஜர் வரை யாரும் தப்ப முடியாது. காகிதத்தை நீட்டுவான், பேனாவைத் தர மாட்டான். படித்து முடித்தால்தான் பேனா கைக்கு வரும். அப்படிப்பட்டவன் தன் ஆயுளில் ஒரே ஒரு காகிதத்தில்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். அதைத் தயாரித்துக் கொடுத்த புண்ணியவான் நான்.

அவனை எல்லோரும் மைக்கூடு என்றுதான் கூப்பிடுவார்கள். எத்தனை தடவை துவைத்தாலும் சட்டைப் பையின் ஓரத்தில் ஒரு நீலக் கறை இருந்துகொண்டே இருக்கும். "போருக்கு வந்தவன் ரத்தக் கறையோட போவான், நீ மைக் கறையோட போகப்போறே" என்று நாங்கள் கிண்டலடித்தால் கோபித்துக்கொள்ள மாட்டான். "ரெண்டும் போகாது, விடு" என்பான்.

தலைமையகக் கூடாரத்தில் நாங்கள் மூன்று குமாஸ்தாக்கள். மைக்கூடு, நான், நெட்டையன். நெட்டையன் அந்தக் கூடாரத்துக்குள் ஒரு நாளாவது நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு பதிவேடு உண்டு. சேர்ந்த தேதி, மாற்றல், காயம், தண்டனை, பதக்கம் எல்லாம் அதில்தான் ஏறும். அதில் ஏறாதது நடக்காதது. அந்த அலமாரிக்குப் பொறுப்பு மைக்கூடு.

ஆனால் அவனுடைய சொந்தப் பதிவேடு அந்த அலமாரியில் இருக்காது. குமாஸ்தாக்களின் பதிவேடுகள் மட்டும் மேஜரின் இரும்புப் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். தன் புத்தகத்தில் தானே எழுதிக்கொள்ளக் கூடாது, தொட்டுக்கூடப் பார்க்கக் கூடாது என்பது விதி. வேறு குமாஸ்தா ஒருவன் மேஜரிடம் சாவி கேட்டு வாங்கி எழுத வேண்டும். ஊருக்கே எழுதுகிறவன் தன் வரிக்கு இன்னொருவன் கையை எதிர்பார்த்துத்தான் நிற்க வேண்டும். மைக்கூட்டுக்கு எழுத வேண்டிய கை என்னுடையது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். எனக்கு வர விருப்பமில்லை, ஆனாலும் வந்துதான் ஆக வேண்டும்.

காலை பத்து மணி இருக்கும். காயம்பட்ட மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி எங்கள் கூடாரத்துக்கு எதிரே வந்து நின்றது. அதே லாரியில் வெடிமருந்துப் பெட்டிகளும் இருந்தன. எந்த மடையன் இரண்டையும் ஒன்றாக ஏற்றினானோ தெரியாது. ஒரு குண்டு வந்து விழுந்து லாரியின் முன்பக்கம் பற்றிக்கொண்டது. ஓட்டுநர் குதித்து ஓடிவிட்டார். பக்கத்தில் இருந்த பள்ளத்தில் நானும் மைக்கூடும் ஒன்றாகத்தான் குதித்தோம். நான் தட்டச்சு இயந்திரத்தை நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தேன். எதற்கு அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"உள்ள மூணு பேர் இருக்காங்கடா" என்றான் மைக்கூடு.

"இருக்காங்க. அதுக்கு?"

"வா, இழுத்துப் போட்டுட்டு வந்துடலாம்."

"உனக்குப் பைத்தியமா? பெட்டி வெடிச்சா எலும்புகூட மிஞ்சாது!"

அவன் என்னை ஒரு நொடி பார்த்தான். திட்டவில்லை, எழுந்து ஓடினான். மூன்று தடவை போனான், மூன்று பேரையும் கொண்டுவந்தான். மூன்றாவது ஆளைப் பள்ளத்தில் இறக்கும்போதுதான் லாரி வெடித்தது. ஒரு இரும்புத் துண்டு அவன் இடது தோளில் ஏறியது. நான் அப்போதும் தட்டச்சு இயந்திரத்தை விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து வீரப் பதக்க ஆணை வந்தது. மொத்தம் பன்னிரண்டு பெயர். மேஜர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி வாசித்தார். பன்னிரண்டாவது பெயர் மைக்கூடு. கட்டுப் போட்ட தோளோடு நின்றவனுக்குக் காது சிவந்துவிட்டது. மேஜர் அவன் முதுகில் தட்டி, "குமாஸ்தான்னா இப்படி இருக்கணும்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாரா, எனக்குப் பின்னால் இருந்த கொடிக் கம்பத்தைப் பார்த்தாரா, தெரியாது. என்னைப் பார்த்ததாகத்தான் எனக்குப் பட்டது.

அன்று மதியமே ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அலமாரியிலிருந்து பதினொரு பதிவேடுகளை எடுத்தேன். பதினொன்றிலும் எழுதி, தேதி போட்டு, சுருக்கொப்பம் வைத்தேன். பன்னிரண்டாவதற்கு மேஜரிடம் சாவி கேட்க வேண்டும். பத்தடி தூரத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்திருக்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

மறுநாள் காலை அவன் சவரம் செய்துகொண்டே சீழ்க்கை அடித்தான். போகிற வருகிறவர்கள் எல்லாம் அவன் நல்ல தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். யாரோ ஒருவன் என்னைக் காட்டி, "இவருக்கும் ஒரு மெடல் தரணும்பா, மெஷினைக் காப்பாத்தினாரு" என்றான். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. மைக்கூடு மட்டும் சிரிக்கவில்லை. "போங்கய்யா வேலையைப் பார்த்துக்கிட்டு" என்று அவர்களை விரட்டினான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அன்றும் சாவி கேட்கவில்லை. அதற்கடுத்த நாள் ஆணைக் காகிதத்தின் மேல் வேறு காகிதங்கள் ஏறின. பத்தாவது நாள் விடுப்பில் போனேன். திரும்பி வருவதற்குள் படைப்பிரிவையே கலைத்துவிட்டார்கள். ஆணைப் பெட்டி எந்த லாரியில் போனதோ, எந்த மழையில் நனைந்ததோ, யாருக்கும் தெரியாது.

எனக்கு இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுஷனே இல்லை. நான்கு வருடம் கழித்து நாங்கள் இருவரும் ஒரே ராணுவக் கிடங்கில் இருந்தோம். அவன் படையை விட்டு வெளியேறுகிறான். அவனுடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை நிரப்பியது நான்தான். 'பெற்ற பதக்கங்கள்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. ஆதாரமாகக் காட்ட அவன் பதிவேட்டில் எதுவும் இல்லை. மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதி, "தவறு என்னுடையது" என்று நான் ஒப்புக்கொண்டிருந்தால் அன்றைக்கே சரியாகியிருக்கும். கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு அவனிடம் நீட்டினேன். பேனாவையும் சேர்த்தே நீட்டினேன்.

"படிச்சுப் பாரு" என்றேன், சம்பிரதாயத்துக்கு.

"நீ எழுதினதை நான் படிக்கணுமா? போடா!" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

பதக்கம் தபாலில் வரும் என்று காத்திருந்தான். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் வந்தது என்பதால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. கல்யாணம் ஆனது. குடிநீர் அலுவலகத்தில் கோப்பு அறையில் வேலை கிடைத்தது. நான் அதே ஊரில் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளரானேன். அவன் மனைவி என்னை 'அண்ணே' என்பாள். பிறந்த ஒரே மகள் எனக்கு மருமகள் முறையாகி, பேச்சு வந்த நாளிலிருந்து 'மாமா, மாமா' என்று என் காலைச் சுற்றிக்கொண்டு திரிந்தாள்.

அவளுக்கு ஒன்பது வயதில் பள்ளியில் அவரவர் அப்பாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "எங்கப்பா எரியற லாரியிலிருந்து மூணு பேரைக் காப்பாத்தினாரு, அவருக்கு வீரப் பதக்கம் குடுத்திருக்காங்க" என்று இவள் சொல்லியிருக்கிறாள். டீச்சர், "நாளைக்குக் கொண்டுவந்து காட்டு" என்றார். மைக்கூடு அன்றுதான் டிரங்குப் பெட்டியிலிருந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துப் பிரித்தான். கட்டத்தில் நான் இழுத்த கோடு இருந்தது. படைப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதினான். "தங்கள் பெயரில் அத்தகைய பதக்கம் எதுவும் பதிவாகவில்லை" என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. இதற்குள் வகுப்பில் பிள்ளைகள் அவளைப் 'புளுகுணி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அவள் அப்பாவை ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த லாரிக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டதும் இல்லை. அதுதான் அவனைத் தின்றது.

"அவ என்னை நம்பலைடா. சண்டை போட்டாக்கூடத் தேவலை. 'விடுங்கப்பா, பரவாயில்லப்பா'ங்கறா. பொய் சொன்னவனைத்தானேடா அப்படிச் சமாதானப்படுத்துவாங்க?" என்றான் என்னிடம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது, மென்று முழுங்கிவிட்டேன். அவனே கேட்டான்: "ஆணை வந்தப்ப பதிவு போட்டது யாரு? நீதானே?"

"நான் மறுநாளே லீவுல போயிட்டேனே. ஆணையைப் பிரிச்சுக்கூடப் பார்க்காம நெட்டையன்கிட்டதான் குடுத்துட்டுப் போனேன்" என்றேன். வாய் கூசாமல் வந்தது அந்தப் பொய்.

அன்றிலிருந்து முப்பத்தோரு வருடம். அந்த முப்பத்தோரு வருடமும் அவன் நெட்டையனைத் திட்டினான். "அந்தக் கொக்குக்கு என் புத்தகத்தை எடுக்கக் குனியக்கூட சோம்பல்" என்பான். நானும் சேர்ந்து திட்டினேன். திட்டாவிட்டால் சந்தேகம் வருமே! நெட்டையன் பக்கத்து ஊரில்தான் இருந்தான். மைக்கூடு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும், "எனக்கு அப்படி ஒரு ஆணை வந்ததாக நினைவில்லை" என்று ஒழுங்காகப் பதில் போட்டான். "பாரு, எப்படிப் பூசி மெழுகறான்!" என்று மைக்கூடு குதித்தான்.

மனு மேல் மனு. ரெக்கார்ட் ஆபீஸுக்கு அவனோடு துணைக்குப் போனதும் நான்தான், கோப்பைச் சுமந்ததும் நான்தான். மூன்றாம் எண் கவுன்டருக்கு எதிரே ஒரு மர பெஞ்சு உண்டு, ஒரு கால் ஆடும். அதில் நாங்கள் உட்கார்ந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு பட்டமே வாங்கியிருக்கலாம். பதக்கம் வாங்கிய பதினோரு பேரில் உயிரோடு இருந்த இருவர், மேஜர் வாசித்ததைக் காதால் கேட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கவுன்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "கேட்டது போதாதுங்க. ஆணையை யார் கையாண்டாங்களோ அவங்க சொல்லணும், இல்லைன்னா அதிகாரி சொல்லணும்" என்றார். மேஜர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஆணையைக் கையாண்டவன் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆண்டுக்கொரு முறை முன்னாள் படைவீரர் சங்கத்தில் கூட்டம் நடக்கும். பதக்கம் உள்ளவர்கள் அதைக் குத்திக்கொண்டு முன்வரிசையில் உட்காருவார்கள். நாங்கள் இருவரும் கடைசி வரிசை. அவன் எனக்கு முன்பே போய்த் துண்டு போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பான்.

போன வருடம் நெட்டையன் செத்துப்போனான். சங்கத்திலிருந்து எல்லோரும் கிளம்பினோம். மைக்கூடு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

"செத்தவங்க மேல கோபம் எதுக்குங்க? போய்ட்டு வாங்க" என்று அவன் மனைவி கெஞ்சினாள்.

"என் பொண்ணுகிட்ட என்னைப் பொய்யனாக்கினவன் அவன். அவன் மூஞ்சியை நான் பார்க்க மாட்டேன்."

நான் போனேன். நெட்டையன் நீட்டி நிமிர்ந்து கிடந்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். கிளம்பும்போது அவன் மனைவி என்னிடம் வந்து, "மைக்கூடு அண்ணன் வரலையா?" என்று கேட்டாள். "அவருக்கு மெடல் வராம போச்சேன்னு இவரு புலம்பிக்கிட்டே இருப்பாரு. என்மேல என்ன கோபமோ, நான் அந்த ஆணையைக் கண்ணால பார்க்கலையேம்பாரு" என்றாள். ஐயோ, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்!

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினேன். ஆணை என் கையில்தான் வந்தது, பன்னிரண்டு பெயர் இருந்தது, பதினொன்றைப் பதிந்தேன். பன்னிரண்டாவதைப் பற்றி எழுதும்போது பேனா மறுபடியும் நின்றது. எழுபத்திரண்டு வயதிலும் நான் அதே ஆள்தான். "மறந்துவிட்டேன்" என்று எழுதினேன். மைக்கூட்டிடம் சொல்லாமல் நேரே ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பினேன். அவனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கட்டும், எப்படிக் கிடைத்தது என்று அவனுக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். காகிதத்திலேயே காலம் தள்ளிய எனக்கு, பதிலோடு எல்லா இணைப்பும் நகலாக வரும் என்பது உறைக்கவில்லை. அதைத்தான் நிஜமாகவே மறந்தேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் போன் செய்தாள். "மாமா, வந்துடுச்சு மாமா! உடனே வாங்க!" அழுகையும் சிரிப்பும் கலந்த குரல்.

போனேன். சாப்பாட்டு மேசை மேல் அட்டைப் பெட்டி, அதற்குள் பதக்கம். திருத்திய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் கோடு இருந்த இடத்தில் ஒரு வரி. மகள் நாற்பது வயதுப் பெண், சின்னப் பிள்ளை மாதிரி அப்பாவின் தோளில் முகம் புதைத்து, "நான் உங்களை நம்பியிருக்கணும்ப்பா, நம்பியிருக்கணும்" என்று தேம்பிக்கொண்டிருந்தாள். அந்தத் தழும்புத் தோள்தான். அவன் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் முப்பத்தோரு வருடம் அலைந்தான். அது போதும் என்று நான் வாசலிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் தேநீர் போட அம்மாவோடு உள்ளே போனாள். அவன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதங்களை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது இணைப்பு என் வாக்குமூலம். ஐந்தாவது, பதினோரு பேரின் பதிவேட்டுப் பக்க நகல். எல்லாம் என் கையெழுத்து, எல்லாம் ஒரே தேதி. நான்கை ஐந்தோடு வைத்து இரண்டு தடவை பார்த்தான்.

"மறந்துட்டேன்னு எழுதியிருக்கே" என்றான்.

"ஆமா."

"பன்னிரண்டு வரி இருக்கற ஆணையில ஒரே மதியத்துல பதினொண்ணை எழுதிட்டு ஒண்ணை மறக்க முடியுமா? நானும் குமாஸ்தாதான்டா."

அவன் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தான்.

"ஏன்டா?"

"நீ எந்திரிச்சு ஓடினே. நான் பள்ளத்துல படுத்துக் கிடந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. மேஜர்கிட்டப் போய்ச் சாவி கேக்க எனக்கு..."

"நீ பள்ளத்துல கிடந்ததை நான் யார்கிட்டயாவது சொன்னேனா?" அவன் குரல் உயரவே இல்லை. "இத்தனை வருஷத்துல? இதோ உள்ள இருக்காளே, இவகிட்டயாவது?"

சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அவன் மகளிடம் சொன்ன லாரிக் கதையில் பள்ளமே கிடையாது, நானும் கிடையாது.

"மெடலை விடு. அது லேட்டானாலும் வந்துடுச்சு. நெட்டையன்டா! அவன் சாவுக்குக்கூடப் போகலையே நான். ஒரு தப்பும் பண்ணாதவனை முப்பத்தோரு வருஷம் என்னைத் திட்ட வெச்சுட்டியே. கூட உக்காந்து நீயும் திட்டினியேடா, பாவி!"

காகிதங்களை அடுக்கி, ஓரம் தட்டி, கோப்பில் வைத்துக் கட்டினான். வாக்குமூலத்தைத் திருத்தி எழுதச் சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எழுந்து போய்ச் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். மகள் தேநீர் கொண்டுவருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன்.

அந்த வாரமே அவன் நெட்டையன் வீட்டுக்குப் போய் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான் என்று கேள்விப்பட்டேன். போன மாதம் சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் பதக்கத்தோடு உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையில் கறை இல்லை, புதுச் சட்டை. கடைசி வரிசையில் எனக்குத் துண்டு போட ஆள் இல்லாததால் சுவரோரம் நின்றேன். அவன் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் மகள் என்னைத் தேடிப் பிடித்தாள்.

"என்ன மாமா, வீட்டுப் பக்கமே வர்றதில்ல? அப்பாவும் உங்க பேச்சையே எடுக்கறதில்ல. அந்த வாக்குமூலத்தை நானும் படிச்சேன். நெட்டையன் மாமா மேல பழியைப் போட்டதுதான் அப்பாவுக்கு ஆறலைபோல. எனக்கும் வருத்தம்தான். ஆனா மறந்தது வெளிய தெரிஞ்சா வேலை போயிடுமேன்னு பயந்திருப்பீங்க. மனுஷன்னா மறக்கறதுதானே? அப்பாகிட்ட நான் கேட்டுட்டேன்: 'மாமா நிஜமா மறந்துதானேப்பா போனாரு?'ன்னு."

"என்ன சொன்னான்?"

"'ஆமா, மறந்துதான் போனான்'னாரு. அவ்வளவுதான். அப்புறம் ஏன் மாமா பேச மாட்டேங்கறாரு?"

தூரத்தில் அவன் படியிறங்கிக்கொண்டிருந்தான், நல்ல கையால் கைப்பிடியைப் பிடித்தபடி. பத்தடி தூரம்தான்.

"ஏதோ வயசாயிடுச்சும்மா ரெண்டு பேருக்கும்" என்றேன்.